சிறாப்பர் வீட்டுப் பழத்தாம்பாளம்

கண்டியில் நான் குடியிருந்த வீட்டின் அக்காவுக்கு, உபதேசம் செய்பவர்களைக் கண்டால் மிகுந்த பிரியம். அவர்கள் வாய் திறந்ததும் நல்ல கதிரையாகப் பார்த்து இழுத்துப் போடுவார். முழுவதையும் பொறுமையாகக் கேட்பார். இடையிடையே "ஓம், ஓம்" என்று ஆமோதிப்பார். பிறகு, எதைச் செய்யக்கூடாதென்று அவர்கள் அவ்வளவு நேரம் பேசினார்களோ, அதையே எப்படியோ அவர்களைக் கொண்டு செய்வித்துவிடுவார். பெரும்பாலும் அதற்கு அவர் பயன்படுத்திய கருவி ஒரு பழமாக இருந்தது.

அது மலைகளெல்லாம் கோப்பியாக இருந்த காலம். சென்னைக்குப் போய்ப் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்த எனக்குக் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியில், அரசாங்க அலுவலகமான கச்சேரியின் பணப்பொறுப்பாளரான சிறாப்பர் ஒருவரின் வீட்டில் ஓர் அறை தந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம். சிறாப்பர் மனைவியை இழந்தவர். வீட்டை நடத்தியவர் அவருடைய தமக்கை. ஊரில் அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றே அழைத்தார்கள். என் சன்னலுக்கு வெளியே நாள் முழுதும் கோப்பி வண்டிகள் போகும். அறுவடைக் காலத்தில் தோல் நீக்கிய கோப்பியின் புளித்த வாடை தலையணைக்குள் வரை வந்துவிடும்.

நான் போய்ச் சேர்ந்த சில நாள்களிலேயே அக்காவின் முறையை நேரில் கண்டேன். சிறாப்பருக்கு நீரிழிவு. மருத்துவர் வந்து, இனிப்பை நஞ்சென்று கருதவேண்டும் என்று நீண்ட உரையாற்றினார். குறிப்பாகப் பலாப்பழத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்றார். அக்கா பயபக்தியுடன் தலையசைத்தார். உள்ளே போய், அன்று காலைதான் பிளந்த வருக்கைப்பலாவின் சுளைகளைக் கொட்டை நீக்கி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து, மருத்துவரின் முழங்கைக்கருகில் வைத்தார். "நீங்கள் சொல்லுங்கோ" என்றார். மருத்துவர் இரத்தத்தில் சர்க்கரை செய்யும் அழிவை விவரித்துக்கொண்டே ஒரு சுளையை எடுத்தார். சிறுநீரகத்துக்கு வந்தபோது மற்றொன்று. கண்பார்வைக்கு வந்தபோது கிண்ணத்தின் அடி தெரிந்தது.

"பாத்தியோ தம்பி," என்று அக்கா சிறாப்பரிடம் வருத்தத்துடன் சொன்னார், "உனக்காக ஐயா எவ்வளவு கஷ்டப்படுறார்."

மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சுளை பாதகமில்லை என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார்.

எனக்கும் இது நேர்ந்தது. நான் அப்போது மதுவிலக்கில் தீவிரமாக இருந்தேன். தோட்டத் தொழிலாளரின் கூலியெல்லாம் கள்ளுத் தவறணைக்குப் போவதன் விளைவுகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு தயாரித்து, பள்ளி மண்டபத்துக்குப் புறப்படும் முன் அக்காவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். "தொண்டை காயும்" என்று சொல்லி, சீனி தூவிய அன்னாசித் துண்டுகள் தந்தார். நத்தார்க் கேக்குக்கென்று வாங்கி வைத்திருந்த பிராந்தியில் அவை முதல்நாளே ஊறப்போட்டவை என்பது எனக்குத் தெரியாது. மதுவின் வாடையையே அறியாதவனுக்கு அது எப்படித் தெரியும்? கண்டி அன்னாசிக்கு இப்படியொரு மணம் போலும் என்று எண்ணி மேலும் இரண்டு கேட்டு வாங்கினேன். அன்றைய சொற்பொழிவில் சபையோர் பலர் கண்கலங்கினார்கள்.

"அண்டைக்கு உம்முடைய குரல் நல்லாய் எடுபட்டது," என்று பல வாரங்கள் கழித்து உண்மையைச் சொன்னபோது அக்கா சொன்னார். "நான் பின்வரிசை வாங்கிலே இருந்து கேட்டனான். எனக்கே இனிக் குடிக்கக்கூடாது போல கிடந்தது."

இது ஒழுங்கீனம் என்றும், ஒருவரின் சம்மதமின்றி அவர் கொள்கையைக் குலைப்பது நியாயமல்ல என்றும் எடுத்துரைத்தேன். அவர் எனக்கொரு கதிரையை இழுத்துப் போட்டார். நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

அக்காவின் முழு வல்லமையும் வெளிப்படும் நாள் நத்தார், கிறிஸ்து பிறந்த நாள். அன்று மாலை அவ்வீட்டுக்கு வருபவர்கள் எல்லாச் சமயத்தவராகவும் சாதியினராகவும் இருந்தார்கள். இவர் வீட்டில் சமைத்ததை அவர் தொடமாட்டார். அவர் தொட்டதை இவர் பார்க்கவும் மாட்டார். கேக்கில் முட்டை, பலகாரத்தில் யார் கை பட்டதோ என்ற கவலை. பழத்துக்கு மட்டும் இந்தத் தொல்லைகள் இல்லை. அடுப்பேறாத பொருளை எவர் வீட்டிலும் எவரும் உண்ணலாம் என்பது ஊர் ஒப்புக்கொண்ட நியாயம். ஆகவே கண்டி நகரத்துத் தமிழர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் கைவைத்த இடம், நான் அறிந்தவரை, சிறாப்பர் வீட்டுப் பழத்தாம்பாளம் ஒன்றுதான். ஐக்கியத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகள் எதுவும் அவ்வளவு பேரை ஓரிடத்தில் உட்காரவைத்ததில்லை.

அதை ஒழுங்கு செய்யும்போது அக்கா யாரையும் பேச விடமாட்டார். வெங்காயம் காணாத கத்தி ஒன்று அதற்கென்றே இருந்தது. அகன்ற பித்தளைத் தாம்பாளத்தில் வாழையிலையை வட்டமாக நறுக்கி விரிப்பார். சாறு வடியும் அன்னாசியை அடியில், கண்களைச் சரிவாகச் செதுக்கியெடுத்து அடுக்குவார். அதன்மேல் பப்பாசி, தோணி வடிவில். கொய்யாவும் வாழையும் கறுக்காமலிருக்கத் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, பிழிந்து தடவுவார். பம்பளிமாசுச் சுளையின் வெள்ளைத் தோலை உரித்து முத்துக்குவியலாக உதிர்ப்பார். மாதுளை கடைசியில், முன்னால் தூவினால் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும். ஓரத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் ஒரு சிரட்டையில். பிறர் கத்தி பட்டதை உண்ணாத ஆசாரசீலர்களுக்கென்று ஒரு பகுதி தனியே இருக்கும்: உரிக்காத கதலி, முழுத் தோடம்பழம், தோலோடு உள்ளவை மட்டும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த ஒழுங்கு. யார் எந்தக் கதிரையில் உட்காருவார், தாம்பாளத்தின் எந்தப் பக்கம் அவர் முன்னே வரவேண்டும் என்ற வேறோர் ஒழுங்கும் உண்டு. எதிர்ப்பக்கம் கைநீட்டி எடுப்பது மரியாதையல்ல. தமக்கு முன்னே இருப்பதைத்தான் எடுக்கவேண்டும். வருடம் முழுதும் அக்காவிடம் சிடுசிடுத்த ஒருவருக்கு, முன்னே இருக்கும் தோடஞ்சுளைகள் ஏன் எப்போதும் புளிக்கின்றன என்பது கடைசிவரை விளங்கவில்லை. இன்னொரு வழக்கமும் இருந்தது: புறப்படும்போது விருந்தினர் ஒவ்வொருவரும் சில பழங்களைச் சால்வையில் முடிந்துகொண்டு போகவேண்டும். மறுத்தால் அவ்வீட்டை அவமதித்ததாகும்.

நான் சொல்ல வந்தது ஒரு குறிப்பிட்ட நத்தாரைப் பற்றி.

அவ்வாண்டு மார்கழி தொடக்கத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி எங்கள் முற்றத்தில் வந்து நின்றான். நான் விண்ணப்பங்கள் எழுதிக் கொடுப்பவன் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவன் மனைவி, பால்குடிப் பிள்ளையோடு, வழக்கு வரும்வரை விளக்கமறியல் சிறையில் இருந்தாள். மடியில் ஒரு பிடி கோப்பிப்பழம் இருந்ததைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கண்டு பிடித்துக் கொடுத்துவிட்டார். அக்காலத்தில் கோப்பித் திருட்டுக்கென்று தனிச் சட்டம் இருந்தது. பச்சைக் கோப்பியைக் கையில் வைத்திருப்பவர் அது தமக்கு எப்படி வந்ததென்று நியாயமான விளக்கம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் சிறை. வழியில் ஒரு சிங்களப் பெண்மணி தன் வீட்டுவேலிக்கு மேலாகக் கொடுத்தாள் என்று அந்தப் பெண் சொன்னாள். விசாரித்தபோது அந்தச் சிங்களப் பெண்மணி, தான் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை என்றுவிட்டாள். நத்தார் விடுமுறை முடிந்ததும் வழக்கு.

"பசிங்க சாமி. பிள்ளைக்குப் பால் இல்லைன்னு அவ எதையாச்சும் மென்னுக்கிட்டே இருப்பா," என்றான் அவன்.

நான் விண்ணப்பத்தைத் தொடங்கினேன். ஆனால் விளைவுகளை எண்ணாமல் எழுதக்கூடாதல்லவா? தோட்டத்துத் துரைக்கு எழுதினால் அவர் சினம் தொழிலாளர் குடியிருந்த அந்த லயம் முழுவதன்மீதும் பாயலாம். நீதிபதிக்கு எழுதினால் வழக்கில் தலையிட்டதாகும். பத்திரிகைக்கு எழுதினால் பெண்ணின் மானம் போகும். எதுவும் எழுதாவிட்டால் குழந்தை சிறையில் வளரும். நான் காகிதத்தின் முன்னே உட்கார்ந்திருந்ததை அக்கா பலமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"தம்பி, நீர் தராசிலே நிறுத்து முடிக்கிறதுக்குள்ள அந்தப் பிள்ளை நடக்கத் தொடங்கிவிடும்," என்றார் ஒருநாள். பிறகு கேட்டார்: "அந்தக் கணக்கப்பிள்ளை நத்தாருக்கு இஞ்ச வாறவர்தானே?"

வருபவர்தான். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சைவர். பிறர் கத்தி பட்டதைத் தொடாதவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சட்டத்தைச் சட்டமாகவே பார்த்தவர். கோப்பியைப் பற்றித் தமக்குத் தெரியாதது உலகில் இல்லை என்ற பெருமை மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

நத்தாரன்று காலை தாம்பாளத்தைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். ஆசாரசீலர் பகுதியில், கதலிக்கும் தோடம்பழத்துக்கும் நடுவே, மாலையில் கோத்த பவளம்போல், சிவந்து கொழுத்த கோப்பிப்பழங்கள் குவிந்திருந்தன. எங்கள் கிணற்றடியில் மூன்று கோப்பி மரங்கள் நின்றன. அக்கா காலையிலேயே பறித்துக் கழுவியிருக்கிறார்.

"அக்கா, இது சரியாக வருமா?"

"பழம்தானே, தம்பி? மரத்திலே காய்ச்சுப் பழுத்தது."

"நோக்கம் நல்லதாக இருந்தாலும் வழி..."

"இஞ்ச, இந்தக் கதிரையிலே இரும்," என்றார். நான் பேசாமல் வெளியே போய்விட்டேன்.

மாலையில் கூடம் நிறைந்தது. கணக்கப்பிள்ளைக்கு இடப்பக்கத்தில் நீதிமன்றத்து மொழிபெயர்ப்பு முதலியார் உட்கார வைக்கப்பட்டார். அவர் எங்கள் ஊர்க்காரர். சட்டத்தை ஒப்பிக்கச் சொன்னால் உணவையே மறந்துவிடுவார். அக்கா முதலில் அவரைத்தான் பிடித்தார்.

"முதலியார், இந்தக் கோப்பிச் சட்டம் எண்டு சொல்லினமே, அது என்னெண்டு எனக்கு விளங்கேல்லை. எங்களைப்போல பொம்பிளையளுக்கும் விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோவன்."

முதலியார் சொன்னார். பிரிவு பிரிவாக, ஆங்கிலத்திலும் தமிழிலும் சொன்னார். கையில் இருந்தாலே போதும். கணக்குச் சொல்லவேண்டியது வைத்திருப்பவர்தான்.

"கல்லு மாதிரிச் சட்டங்க அது," என்று கணக்கப்பிள்ளை திருப்தியுடன் சேர்த்தார். "இரக்கம் பாத்தா ஒரு மரம் மிஞ்சாது."

"உண்மைதான்," என்றார் அக்கா. தாம்பாளம் வந்தது. அது எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றது.

கணக்கப்பிள்ளையின் கண் அந்தச் சிவப்பில் விழுந்தது. "அட! இது கோப்பிப்பழமில்ல?"

"கோப்பியோ?" அக்கா முகத்தில் அப்படியொரு அறியாமை. "எனக்கென்ன தெரியும், யாழ்ப்பாணத்திலே பிறந்தவளுக்கு? கிணத்தடியிலே நிக்குது. வடிவாய்க் கிடந்தது, வைச்சனான். பழுத்ததோ எண்டுகூடத் தெரியேல்லை. நீங்கள்தான் வாயிலே போட்டுப் பாத்துச் சொல்லவேணும்."

இதற்குமேல் அவருக்கு என்ன தூண்டுதல் வேண்டும்? ஒன்றை எடுத்து விரலால் நசுக்கி, மணந்து, வாயிலிட்டார். "பதமான பழங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கறுத்துப் போயிருக்கும்." இன்னொன்று. எந்த மண்ணில் எந்த இனிப்பு, எந்த உயரத்தில் எந்தப் பருமன் என்று அவர் விளக்க விளக்க, சபையோரும் ஆவலுடன் எடுத்துச் சப்பத் தொடங்கினார்கள். தோல் மெல்லியது, உள்ளே ஒரு விரல்நுனித் தேன். முதலியாரும் இரண்டு உண்டார். நான் மட்டும் உண்ணவில்லை.

"இவ்வளவு பருமன் எங்க தோட்டத்துலயே இல்லீங்க," என்று கணக்கப்பிள்ளை வியந்தார். "எங்க தொரைக்கிட்ட காட்டணும்."

"அதுக்கென்ன, முடிஞ்சுகொண்டு போங்கோ," என்று அக்கா ஒரு கை நிறைய அள்ளி அவர் சால்வை முனையில் இட்டார். அவரே முடிச்சுப் போட்டார். தளர்ந்துவிடக்கூடாதென்று இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

அக்கா முதலியார் பக்கம் திரும்பினார்.

"முதலியார், இப்ப ஒரு சந்தேகம். கணக்கப்பிள்ளை வெளிக்கிட்டு வீதியிலே போறார். பொலிசுக்காரன் மறிச்சுச் சால்வையை அவிழ்க்கிறான். என்ன நடக்கும்?"

கூடத்தில் சப்புகிற சத்தம் நின்றது.

முதலியார் சட்டத்தை விட்டு இறங்க முடியாதவர். "கணக்குச் சொல்லவேணும்," என்றார் மெல்ல.

"என்னங்க அக்கா விளையாடுறீங்க? நீங்கதானே குடுத்தீங்க!"

"நானோ?" அக்கா யோசித்தார். உண்மையாகவே நினைவைத் தேடுபவர்போல் மேலே பார்த்தார். "பழம் குடுத்தனான். கோப்பி குடுத்ததாய் எனக்கு ஞாபகமில்லை. பொலிசு வந்து கேட்டால் பயமாயிருக்கும், என்ன? வயசு போன மனுசி, ஆருக்கும் ஒண்டும் குடுக்கேல்லை எண்டுதான் சொல்லுவன்."

"எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருக்காங்க!"

அவர் சுற்றிப் பார்த்தார். எல்லோர் கன்னத்திலும் ஒரு கொட்டை இருந்தது. யாரும் வாய் திறக்க விரும்பவில்லை. சிறாப்பர் கூரையைப் பார்த்தார். முதலியார் தமக்குரிய கொட்டைகளை ஓசையின்றிக் கைக்குட்டைக்குள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் சிரித்தவர் யாரென்று நினைவில்லை. சிரிப்பு கூடம் முழுதும் பரவியபோது கணக்கப்பிள்ளையின் முகம் கோப்பிப்பழ நிறத்துக்கு வந்திருந்தது. அவர் எழுந்து போய்விடுவார், வன்மம் கொள்வார், அந்த லயம் முழுதும் அதன் பயனை அனுபவிக்கும் என்று நான் அந்தக் கணத்தில் அஞ்சினேன். அக்கா எழுந்து அவர் முன்னே போனார். குரலில் விளையாட்டு இல்லை.

"அந்தப் பொடிச்சியும் இதைத்தான் சொன்னவள், கணக்கப்பிள்ளை. ஒருத்தி குடுத்தவள், இப்ப இல்லை எண்டுறாள் எண்டு. நீங்கள் சொன்னால் நம்பலாம், அவள் சொன்னால் நம்பக்கூடாதோ? பிள்ளையும் உள்ளுக்கை கிடக்குது."

கணக்கப்பிள்ளை சால்வை முடிச்சைத் தடவிப் பார்த்தார். பிறகு முதலியாரிடம், தமக்குச் சாட்சியத்தில் சிறிது ஐயம் தோன்றுவதாகவும், அதை எப்படித் தெரிவிப்பதென்றும் கேட்டார். முதலியார் அதற்கும் ஒரு பிரிவு வைத்திருந்தார். புறப்படும்போது கணக்கப்பிள்ளை முடிச்சை அவிழ்த்துப் பழங்களைத் தாம்பாளத்தில் திருப்பி வைக்கப் போனார்.

"வையாதேயுங்கோ," என்றார் அக்கா. "நான் குடுத்தனான். ஆர் கேட்டாலும் சொல்லுவன்."

அவர் எதிர்பாராதவிதமாகச் சிரித்துவிட்டார். "உங்க வீட்டுக்கு இனிமே சால்வை இல்லாமத்தாங்க வரணும்," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

விடுமுறை முடிந்த வாரத்தில் அந்தப் பெண் விடுவிக்கப்பட்டாள். இந்த வழிமுறையைப் பற்றி எனக்கிருந்த தயக்கங்களை அக்காவிடம் சொல்லியாக வேண்டும் என்று கருதினேன். ஓர் அப்பாவி காப்பாற்றப்பட்டாள் என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. எனினும் அவள் உண்மையில் அப்பாவி என்பதைக் கருதுமிடத்து, அந்தச் சிங்களப் பெண்மணியின் கோழைத்தனத்தை ஈடுசெய்ய வேறு வழி இருக்கவில்லை என்றும் வாதிக்கலாம். முற்றத்தில் நின்று இப்படி நான் இரு தட்டுகளையும் சமன் செய்துகொண்டிருந்தபோதுதான் அவள் வந்தாள். இடுப்பில் குழந்தை. எங்களைக் கண்டதும் குனிந்து கும்பிட்டாள்.

"எங்ககிட்ட வேற என்னங்கம்மா இருக்கு," என்று சொல்லி, வெட்கத்துடன் மடியை அவிழ்த்து நீட்டினாள்.

ஒரு பிடி கோப்பிப்பழம்.

நான் வீதியைப் பார்த்தேன். அக்கா பழங்களைப் பார்த்தார். எங்கள் கிணற்றடிப் பழங்களைவிட அவை பருமனாக இருந்தன.

"எங்கை எடுத்தனி, பிள்ளை?"

"தொர தோட்டத்துலதாங்கம்மா. மொத நெரையில, வழியோரமா ஒரு மரம் இருக்கு." அவள் தயங்கினாள், பிறகு, இவ்வளவு செய்தவரிடம் மறைப்பது முறையல்ல என்று எண்ணியவள்போல் சொன்னாள்: "அன்னைக்கும் அதுலதான் எடுத்தேன்."

அப்படியானால் அந்த வழக்கில் முதலிலிருந்து உண்மை பேசியவர் அந்தச் சிங்களப் பெண்மணி ஒருவர்தான். என் வாதத்தின் ஒரு தட்டு தரையில் வந்து இடித்தது. இதை அறிந்த பின் நம் கடமை என்ன? யாரிடம், எந்த அளவுக்கு, யாருக்குத் தீங்கின்றி? நான் வாய் திறந்தேன்.

திறந்த வாயில் அக்கா ஒரு பழத்தை வைத்துவிட்டார்.

"முதல்லை சாப்பிடும்," என்றார். "பிறகு நிறுத்துப் பாரும்."

அந்தப் பெண் கவலையுடன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் பரிசு பிடித்திருக்கிறதா என்று அறிய விரும்பினாள். நான் கடித்தேன். நன்றாகப் பழுத்திருந்தது. அவளுக்காகத் தலையசைத்தேன், அவள் முகம் மலர்ந்தது. நாவின் கீழே இரண்டு கொட்டைகள் மிஞ்சின. அவற்றை எங்கே உமிழ்வதென்று நான் முற்றம் முழுவதையும் கண்ணால் தேடிக்கொண்டிருக்கையில், அக்கா தம் உள்ளங்கையை என் தாடைக்குக் கீழே நீட்டினார்.

"இஞ்ச தாரும், தம்பி. சாட்சியை வறுத்துக் குடிச்சிடுவம்."